சேனை தொட்டவள்

முப்பத்தொன்றாம் தட்டில் மட்டும் வளையம் தெரியவில்லை.

சந்திரலேகா அந்தக் கண்ணாடித் தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய், மழை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அறுபத்து மூன்றாம் வருஷத்து ஆடி மழை, மாட்டுங்காவில் அவள் படித்த கல்லூரியின் தகரச் சாய்ப்பில் மூன்று நாளாக ஒரே சுருதியில் விழுந்துகொண்டிருந்தது. பரிசோதனைக்கூடத்துக்குள் கொதித்த மாமிசச் சாற்றின் வாடையும் ஸ்பிரிட்டின் நெடியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. நாற்பத்திரண்டு மாணவர்களின் மூக்கிலிருந்து எடுத்துப் பார்த்ததில் பதினொரு பேருக்கு, புண்ணில் சீழ் வைக்கிற பொன் நிறக் கிருமி இருந்தது. அந்தப் பதினொரு பேருடைய தட்டுகள்தான் மேசைமேல் வரிசையாக இருந்தன.

எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காத வேடிக்கை அது. பஞ்சு சுற்றிய குச்சியை உப்புத் தண்ணீரில் நனைத்து, மூக்கின் வாசலில், விரல்நுனி எட்டுகிற இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். கிருமி அங்கேதான் குடியிருக்கும். தொண்டையிலும் நெஞ்சிலும் அல்ல. வலிக்காது, அரிக்காது, காய்ச்சல் தராது. சத்தம் போடாத குடித்தனக்காரன்போல வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, ஒருநாள் காலிசெய்துகொண்டு போய்விடும். குச்சியைத் தட்டிலுள்ள கூழில் தேய்த்து, இன்குபேட்டரின் உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்தால், கடுகுபோல உருண்டு உருண்டு பொன் நிறத்தில் முளைக்கும். அதில் ஒன்றை எடுத்துப் புதுத் தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்தில் ஊறிய ஐந்து சிறு வட்டத் தாள்களை வைக்கவேண்டும். மருந்து தாளிலிருந்து கூழுக்குள் ஊறிப் பரவும். பரவிய தூரம்வரை கிருமி முளைக்காது. ஆகவே ஒவ்வொரு தாளையும் சுற்றி, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல, தெளிந்த வளையம் ஒன்று விழும். வளையம் அகலமாக இருந்தால் மருந்து வென்றது என்று அர்த்தம்.

மற்றப் பத்துத் தட்டுகளிலும் பெரிதும் சிறிதுமாக நிலாக்கள் இருந்தன. பெனிசிலின் தாளைச் சுற்றிச் சிலவற்றில் வளையம் இல்லை. அது அந்தக் காலத்தில் புதுமையும் அல்ல. ஆனால் முப்பத்தொன்றில் நான்கு தாள்களின் விளிம்புவரை பொன் நிறம் வந்து முட்டி நின்றது. ஐந்தாவதாக இருந்த எரித்ரோமைசின் தாளைச் சுற்றி மட்டும் நகக்கீறல் அகலத்தில் ஒரு வளையம்.

யாருடைய மூக்கு என்று கேலி வரக்கூடாது என்பதற்காக டெமான்ஸ்ட்ரேட்டர் நம்பிராஜன் சீட்டுக் குலுக்கிப் போட்டு எண் கொடுத்திருந்தார். அவரவர் எண் அவரவருக்கு மட்டும் தெரியும்.

முப்பத்தொன்று அவளுடையது.

"இதைப் பாரேன்," என்றாள் ராபியா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. மாஹிமிலிருந்து வருகிற தோழி. "பெனிசிலினை ஊறுகா மாதிரி தொட்டுக்கிட்டுத் திங்குது. எந்த மகராசன் மூக்கோ."

லேகாவும் சிரித்தாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. தட்டின்மேல் கவிழ்த்த கண்ணாடியில் அவள் மூச்சு ஆவியாகப் படிந்து, மெல்லச் சுருங்கி மறைந்தது.

நம்பிராஜன் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். ஏப்ரலில் ஆஸ்பத்திரி வார்டுகளைக் காட்ட வகுப்பை அழைத்துப் போனபோது யாரோ ஒருவர் இதை ஒட்டிக்கொண்டு வந்திருக்கவேண்டும் என்றார். யாரென்று கேட்கப்போவதில்லை, பயப்படவும் வேண்டாம், திடமான உடம்பை இது ஒன்றும் செய்யாது என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பச்சைக் குழந்தை, பிள்ளை பெத்தவா, ரணம் இருக்கறவா. அவா பக்கத்துல மட்டும் போகப்படாது. முப்பத்தொண்ணு யாரோ, நாளைக்குத் தனியா வந்து எங்கிட்ட சொன்னாப் போறும்."

அன்று காலை ஏழு மணிக்கு, தாராவியில், தன் அக்காளின் ஒன்பது நாள் பிள்ளையின் மூக்கில் உதடு வைத்து ஊதிவிட்டுத்தான் லேகா கல்லூரிக்கு வந்திருந்தாள்.

*

அக்காள் அன்னத்தாய்க்கு மூன்று பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், நான்காவதாகத் தங்கியவன் அவன். வீட்டிலேயே பிறந்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை வைப்பதற்கு, அவர்கள் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி, சேனை தொடுவது என்று பெயர். யார் தொடுகிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். ஆகவே ஆள் பார்த்துத்தான் தொடச் சொல்வார்கள். மாமியார் ஒருத்தியைச் சொன்னாள், அத்தான் சிவனாண்டி தன் தோல் ஷாப்பு முதலாளியைச் சொன்னார். அன்னத்தாய் கண்ணைத் திறக்காமலே, "எந் தங்கச்சி தொடட்டும். காலேஜு படிக்கா. எம் பிள்ளையும் அவள மாதிரி வரட்டும்," என்று சொல்லிவிட்டாள். லேகாவுக்கு அப்போது மழைக்காலத்து ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையின் விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்து, பூவிதழ் போன்ற அந்த நாக்கில் வைத்தாள். அது விரலைப் பற்றிச் சப்பியது. எல்லாரும் சிரித்தார்கள்.

அதோடு போகவில்லை. அம்மா முருகம்மாள் தினமும் காலையில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். குளிப்பாட்டி முடிந்ததும் தண்ணீர் தங்காமலிருக்க மூக்கிலும் காதிலும் தொப்புளிலும் ஊதவேண்டும். முருகம்மாள் புகையிலை போடுகிறவள். "எவ் வாயி நாத்தம் பிள்ளைக்கு எதுக்கு, நீ ஊதுட்டி, ஒனக்குத்தான் சுத்தமான வாயி," என்பாள். லேகா குனிந்து ஊதுவாள். பிள்ளை மூச்சுத் திணறி, முகம் சுருக்கி, தும்மும்.

ஒன்பது நாள். ஒன்பது முறை. தவறாமல்.

நம்பிராஜனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு முப்பத்தொன்றாம் தட்டைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அது அங்கே இருந்தால் யாரோ அதில் அவள் பெயரைப் படித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

ரயில் பாலத்தின்மேல் ஏறி, மழையில் தாராவிப் பக்கம் இறங்கினாள். தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து சுண்ணாம்பு நாற்றம் வழக்கம்போல வந்தது. வழக்கமாக அங்கே மூக்கைப் பொத்திக்கொள்வாள். இன்று பொத்தவில்லை. உள்ளே போகிற மூச்சைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. வெளியே வருகிற மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தாள். இதமான சூடு. ஒரு சின்ன விசில் சத்தம். மேலுதட்டில் படுகிற ஈரம். இத்தனை வருஷம் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்குள் ஒரே அறை. ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி அதற்குள் அன்னத்தாய் படுத்திருந்தாள். உத்தரத்தில் தூளி. மேலே பலகைப் பரண். அதில்தான் லேகா படிப்பதும் தூங்குவதும். சாம்பிராணிப் புகையும் பிள்ளைவாசமும் பாலின் புளிப்பும் அறையை நிறைத்திருந்தன.

"எதுக்குட்டி நிக்க அங்கனயே? வந்து ஒம் மவனப் பாரு," என்றாள் அன்னத்தாய்.

அவள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். பிள்ளை விழித்திருந்தது. அக்காள் துணியை விலக்கிக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே, அரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, மெல்லிய தோலுக்குள் தண்ணீர் கட்டிய ஒற்றைக் கொப்புளம்.

"வேர்க்குரு," என்றாள் அம்மா.

வேர்க்குரு இப்படி ஒற்றையாக வராது.

*

மறுநாள் விடிந்தபோது ஏழு இருந்தன. அக்குளில், தொடையிடுக்கில், கழுத்து மடிப்பில். ஒன்று உடைந்து, வெந்த தோல்போல் சிவந்து கிடந்தது. முருகம்மாள் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்கா," என்றாள் தணிந்த குரலில். "வெளையாட வந்திருக்கா. யாரும் ஒண்ணும் பேசப்படாது."

அம்மை என்றாகிவிட்டால் அதற்கென்று முறை உண்டு. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது. மருந்து கூடாது, டாக்டர் கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டக் கூடாது.

குளிப்பாட்டக் கூடாது என்றால் ஊதவும் வேண்டாம்.

அது லேகாவுக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்குத் தெரியும், இது அம்மை அல்ல. அம்மைக் கொப்புளம் இப்படி மடிப்புகளில் தேடிப்போய் உட்காராது. இப்படி ஒரே நாளில் உரிந்து போகாது. புத்தகத்தில் படம் இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் பக்கம். சொல்ல வாயெடுத்தாள். அக்காள் நிமிர்ந்து அவளைப் பார்த்துப் புன்னகை செய்தாள். "ஆத்தாதான, இறங்கிருவா," என்றாள். அந்த முகத்திடம் என்னவென்று சொல்வது? ஆத்தா இல்லை, நான்தான் என்றா?

லேகா ஏணியேறிப் பரணுக்குப் போனாள்.

வெள்ளியும் சனியும் அப்படியே போயின. அவள் பரணைவிட்டு இறங்குவதில்லை. இறங்கினால் தாவணியை மூக்குக்கு மேலே சுற்றிக்கொள்வாள். சோப்புப் போட்டுப் போட்டுக் கைத்தோல் வெளுத்தது. "வேப்பல நாத்தம் பிடிக்கலியோ காலேஜுக்காரிக்கு?" என்று அம்மா கீழிருந்து குத்தலாகக் கேட்டாள். மழைக்கு இருட்டிக்கிடந்த அந்தப் பகல்களில், தகரக் கூரை முகத்துக்கு ஒரு முழம் மேலே இருக்க, மல்லாந்து படுத்துத் தன் மூச்சைக் கவனித்தாள். அது மேலே போய்த் தகரத்தில் மோதியது. குளிர்ந்தது. குளிர்ந்தால் கனக்கும், கனத்தால் கீழிறங்கும். பலகை இடுக்குகள் வழியாகச் சாம்பிராணிப் புகை மேலேறி வருவதை அவளால் பார்க்க முடிந்தது. மேலேறி வர வழியிருந்தால் கீழிறங்கிப் போகவும் வழியிருக்கும். இடுக்குகளுக்கு நேர் கீழே தூளி ஆடியது.

குப்புறப் படுத்தாள். முகத்தைத் தலையணையில் அழுத்தினாள்.

தலையணை சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது.

பைக்குள் தட்டு இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் கூரையடிப் புழுக்கத்துக்கும், கீழே எரிகிற அடுப்பின் சூட்டுக்கும், அந்தப் பரண் ஒரு இன்குபேட்டர்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலையில் கீழேயிருந்து ஒரு புதுச் சத்தம் கேட்டது. உரலில் எதையோ அழுத்தமில்லாமல், வேகவேகமாக இடிப்பதுபோல. உம், உம், உம். சிறிது நேரம் அது என்னவென்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள். பிள்ளை மூச்சுவிடுகிற சத்தம் அது.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பரணிலிருந்து ஏணியில் கால் வைக்காமலே குதித்தாள்.

"இது ஆத்தா இல்ல," என்றாள். "தூக்குங்க அத்தான். டாக்டர்ட்ட போவோம்."

முருகம்மாள் தடுத்தாள். ஆத்தா கோபித்தால் பிள்ளை தங்காது என்றாள். சிவனாண்டி பெண்சாதியைப் பார்த்தார். அன்னத்தாய் தங்கையைப் பார்த்தாள். பிறகு, "அவ படிச்சவ," என்றாள். அவ்வளவுதான். பிள்ளையைத் துணியில் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

டாக்டர் அப்துல் வாஹிதின் தவாகானா இரண்டு தெரு தள்ளி. ஞாயிறென்றும் பாராமல் திறந்தார். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பெனிசிலின் ஊசிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

லேகா பையிலிருந்து தட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

அப்புறம் அவள் பேசியது எல்லாம் இங்கிலீஷில். கல்லூரியில் மூன்று வருஷமாகப் பேசக் கூச்சப்பட்ட இங்கிலீஷ், அன்று தடுமாறாமல் வந்தது. இது என் மூக்கிலிருந்து எடுத்தது. நான்தான் நாக்கில் விரல் வைத்தேன். நான்தான் ஊதினேன். பெனிசிலின் இதைத் தொடாது. இந்த நாலும் தொடாது. இது ஒன்றுதான். மூன்று நாளாக எனக்குத் தெரியும். அவள் அழவில்லை. அழுதால் அம்மாவுக்கு விளங்கிவிடும். பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற முருகம்மாள், ஒரு வார்த்தையும் புரியாமல், மகள் டாக்டரிடமே இங்கிலீஷில் வழக்காடுவதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெருமையோடு பார்த்திருந்தாள்.

டாக்டர் தட்டை விளக்கடியில் பிடித்தார். பிறகு அவரும் இங்கிலீஷிலேயே சொன்னார்: ஐந்தாவது மருந்து நகரத்தின் கோட்டைப் பகுதி மருந்துக் கடைகளில் கிடைக்கும், சொட்டு மருந்தாக, நாளைக்குள் மூச்சு இறங்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவேண்டும், நீ இவர்களோடு ஒரே அறையில் இருக்கக்கூடாது. எங்கே போவது என்று அவள் கேட்டாள். டாக்டர் அலமாரியைத் திறந்தார். மூக்கில் தடவிக்கொள்ள ஊதா மருந்து ஒரு குப்பி கொடுத்தார்.

தட்டைத் திருப்பி வாங்கும்போது, அந்த மெல்லிய வளையத்துக்குள் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளியைப் பார்த்தாள்.

வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவுக்கு ஒரு புள்ளி வளர்ந்திருக்கிறதென்றால், அதில் கோடிக்கணக்கில் உண்டு. மருந்து ஊறிய மண்ணில் மற்றவை எல்லாம் மடிய, தற்செயலாக ஏதோ ஒன்று மாறிப் பிறந்து, மடியாமல் நின்று, இரண்டாகி, நான்காகி வந்திருக்கிறது. வளையம் கோட்டையல்ல. வாசல் தெரியாதவரைக்கும்தான் கோட்டை.

சொல்லியிருந்தாலும் டாக்டரிடம் வேறு மருந்து இல்லை. ஆனாலும் சொல்லியிருக்கலாம்; அவள் சொல்லவில்லை.

*

மருந்து வேலை செய்தது. திங்கட்கிழமை காலை மூச்சு நிதானப்பட்டது. ஆஸ்பத்திரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. செவ்வாயன்று பிள்ளை பால் குடித்தது. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டின. முருகம்மாள் ஆத்தாளுக்கும் ஒரு கும்பிடு, டாக்டருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மகளின் ஊதா மூக்கைப் பார்த்து, "நாவப்பழத்த மூக்கால தின்னாளா இவ," என்று சொல்லிச் சிரித்தாள். அன்னத்தாயும் சிரித்தாள். வியாழக்கிழமை பதினாறாம் நாள், பெயர் வைக்கிற நாள். இசக்கிமுத்து என்று சிவனாண்டியின் அப்பா பெயரை வைப்பதாக முடிவாகியிருந்தது. முறைப்படி வைக்கும்வரை யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அன்னத்தாய் திரைக்குப் பின்னால், உதடசையாமல், சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை இடுக்கு வழியே லேகாவுக்கு அது கேட்டது.

பரணில் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, மூன்று புள்ளிகள்.

செவ்வாய், எண்ண முடியவில்லை. வளையத்தின் ஒரு பக்கம் தூர்ந்து, நிலா பிறையாகியிருந்தது.

கீழே பிள்ளை கொட்டாவி விட்டது. அக்காள் அதற்கு ஏதோ கதை சொன்னாள்.

தட்டு வேறு, பிள்ளை வேறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்கு ரத்தம் இருக்கிறது, தாய்ப்பால் இருக்கிறது. கூழில் அதெல்லாம் இல்லை. நியாயமான பேச்சு. புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

புதன்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தட்டை எடுத்தாள். மூடியில் நீர் கோத்திருந்தது. தாவணி நுனியால் துடைத்தாள்.

வளையம் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. பொன் நிறம் தாளின் விளிம்புவரை வந்திருந்தது. விளிம்பில் நிற்கவில்லை. தாளின்மேலும் ஏறியிருந்தது.

கீழே உரல் சத்தம்.

உம். உம். உம்.

அவள் இறங்கவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தாள். அக்காளின் உச்சந்தலை தெரிந்தது. மடியில் பிள்ளையின் வயிறு தெரிந்தது. விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. சிவனாண்டி டாக்டரிடம் ஓடினார். அம்மா வேப்பிலையை எடுத்தாள். அக்காள் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளம். எழுச்சி.

பள்ளம்.

எழுச்சி.

பள்ளம்.

மழை விட்டிருந்தது. அதை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள்.

*

பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை. சிவனாண்டி கைகளில் ஏந்திப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பெயர் இல்லாமலே போனான்.

மறுநாளே அன்னத்தாய்க்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை. பாலுக்கு அது தெரியவில்லை. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது வழக்கம். முருகம்மாள் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து பூ வாங்கிவந்து கட்டினாள். கல்யாண வீடுபோல மணம் அறையை அடைத்தது. பால் நிற்கவில்லை. வலது மார்பு கல்லாக இறுகியது. சிவந்தது. தொட்டால் சுட்டது. பூவை அவிழ்த்தபோது, காம்புக்கு அருகிலிருந்த இதழ்கள் ஈரமாகப் பழுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஈரம் பாலின் நிறத்தில் இல்லை.

முருகம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பால் கட்டினால் அப்படித்தான் என்றாள். விளக்கை நகர்த்தி வைத்தாள்.

லேகா பரண் விளிம்பில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பிள்ளையின் வாய் பதினைந்து நாள் அங்கேதான் இருந்தது. அவள் விரல் பிள்ளையின் வாயில் இருந்தது. வழி அவ்வளவு நேரானது; ஒரு சின்னப் பிள்ளைகூடக் கரியால் சுவரில் கோடு இழுத்துக் காட்டிவிடும்.

"யக்கா, டாக்டர இப்பவே கூட்டியாரச் சொல்லட்டா?" என்றாள் மேலிருந்தே. வாஹித் நாளைக் காலையில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வந்து? ஐந்து தாளும் மூழ்கிவிட்டன.

"டாக்டரு கெடக்கட்டும்." அன்னத்தாயின் குரல் காய்ச்சலில் கரகரத்தது. "நீ எதுக்குட்டி மேலயே கெடக்க? கீழ வா. எம் பக்கத்துல படு."

"எனக்கு... ஜலதோஷமா இருக்கு யக்கா."

"இருந்துட்டுப் போட்டும். எனக்குக் கண்ண மூட முடியல." "பதினஞ்சு நாளும் அவன் மூச்சக் கேட்டுக்கிட்டேதான் தூங்கினேன். இப்ப காதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. யாரு மூச்சாவது கிட்டக்க கேட்டாப் போதும். வாட்டி."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். போயேன் என்பதுபோல.

சொல்லிவிடவேண்டியதுதான் என்று லேகா இறங்கினாள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் சொல்லவேண்டிய வார்த்தை தமிழில் இருந்தது. கடைசிப் படியில் அக்காள் முகம் தெரிந்தது. கண் குழிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில், மூன்று நாளில் முதல்முறையாக, ஏதோ ஒன்று இளகியது.

சொல்ல முடியவில்லை.

பாயின் விளிம்பில், முதுகைக் காட்டிப் படுத்தாள். ஒரு சுடுகை வந்து தோளைப் பற்றித் திருப்பியது. அன்னத்தாய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து, வெடித்த உதடும் மூக்கும் அவள் மூக்குக்கு நேராக இருக்க, கண்ணை மூடினாள்.

லேகா மூச்சை அடக்கினாள்.

மல்லிகை மணம். சீழ் நாற்றம். அக்காளின் மூச்சு சூடாக வந்து அவள் முகத்தில் பட்டது, போனது. வந்தது, போனது. அம்மா விளக்கைத் தணித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தாள். லேகாவின் காதுக்குள் ரத்தம் இரைந்தது. நெஞ்சு விம்மியது. கண்முன் பூச்சி பறந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தூங்கிவிடட்டும். தூங்கியதும் திரும்பிக்கொள்ளலாம்.

அன்னத்தாய் தூங்கவில்லை.

"லேகா," என்றாள், கண்ணைத் திறக்காமல், இன்னும் நெருங்கி. "ஒம் மூச்சு கேக்கலையேட்டி."

கை இறுகியது.

லேகா, வேறு வழியில்லாமல், மூச்சு விட்டாள்.